மறுபடியும் ஓட வந்த கதை

ஓய்வு பெற்றவனுக்கு ஓட்டம் எதற்கு என்று என்னைக் கேட்காத உறவினர் கிடையாது. கருவூலத்தில் 34 வருடம் நாற்காலியை விட்டு எழாமல் பில் பாஸ் செய்துகொண்டிருந்தவன், 58 வயதில் வீட்டுக்கு வந்து, அடுத்த வருடமே ஷூ மாட்டிக்கொண்டு விடிகாலையில் கிளம்பினால் கேட்கத்தானே செய்வார்கள்! முதலில் நடைதான். பிறகு நடைக்கு நடுவே கொஞ்சம் ஓட்டம். இரண்டு வருடத்தில் திருவான்மியூரிலிருந்து எலியட்ஸ் கடற்கரை வரை போய்த் திரும்புகிற அளவுக்கு வந்துவிட்டேன். எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்த சர்க்கரை கீழே இறங்கியது. அதைவிடப் பெரிய லாபம், என் வயதை ஒட்டிய ஐந்தாறு பேர் நண்பர்களானார்கள். ஓடி முடித்துவிட்டு நின்றபடியே குடிக்கும் அந்தக் காபிக்கு ஈடு இணை கிடையாது.

போன வருடம் ஏப்ரலில் இடது குதிகால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. மறுபடியும் முழுதாக ஓட எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டதை என் வயதுக்காரர்களுக்காக எழுதி வைக்கிறேன். ஓடாதவர்களும் படிக்கலாம். குதிகால், முழங்கால், தோள்பட்டை என்று எது அடிபட்டாலும் நம் வயதில் எழும் கேள்வி ஒன்றுதான்: இனிமேல் இதை விட்டுவிடுவதா, தொடர்வதா?

வலி எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். விழவில்லை, இடறவில்லை. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், கயிறு இழுத்துக் கட்டியதுபோல இருக்கும். பத்து இருபது அடி நொண்டினால் சரியாகிவிடும். ஓடும்போது முதல் ஐந்து நிமிடம் வலிக்கும், சூடேறியதும் மறைந்துவிடும். மறுநாள் காலையில் திரும்ப வந்து நிற்கும். மூன்றாவது வாரத்தில் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் வலது காலைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. சைக்கிள் டியூபில் ஒட்டுப் போட்ட இடம்போல ஒரு மேடு.

நம் பக்கத்தில் இதைக் குதிகால் நரம்பு என்பார்கள். உண்மையில் அது நரம்பு அல்ல, தசைநாண். ஆடுசதையைக் குதிகால் எலும்போடு இணைக்கிற, சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள நார்க் கற்றை. உடம்பில் உள்ள தசைநாண்களிலேயே மிகத் தடித்தது, மிக வலுவானது இதுதான். மருத்துவர்கள் இதை அக்கிலிஸ் தசைநாண் என்கிறார்கள். கிரேக்கக் கதையில் அக்கிலிஸ் என்ற வீரனை அவன் தாய் குதிகாலைப் பிடித்து மந்திர ஆற்றில் முக்கி எடுத்தாளாம். அவள் பிடித்திருந்த இடம் மட்டும் நனையவில்லை. அங்கேதான் அம்பு பட்டு மாண்டான். நம் மகாபாரதத்திலும் மௌசல பருவத்தில் ஜரா என்ற வேடனின் அம்பு கண்ணனின் பாதத்தில்தான் தைக்கிறது. எந்த ஊர்க் கதையானாலும் பெரிய ஆட்களுக்குக் காலடியில்தான் கண்டம்போல. நாமெல்லாம் எம்மாத்திரம்!

எலும்பு மருத்துவரிடம் போனேன். இளவயதுக்காரர். குப்புறப் படுக்கச் சொல்லி, ஆடுசதையைக் கையால் அமுக்கினார். பாதம் அசைந்தது. "நல்லது சார், அறுந்து போகல" என்றார். தசைநாண் முழுதாக அறுந்திருந்தால் ஆடுசதையை அமுக்கினாலும் பாதம் அசையாதாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, நாரெல்லாம் கொஞ்சம் கலைந்து தடித்திருக்கிறது, கிழிசல் இல்லை என்றார். அதன் பிறகு அவர் கேட்ட கேள்வி நான் எதிர்பாராதது. "சமீபத்துல ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டிருந்தேன். மார்ச் மாதம் சிறுநீர்த் தொற்றுக்காக ஏழு நாள் சிப்ரோஃப்ளாக்சசின். அதற்கும் குதிகாலுக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். அவர் விளக்கினார். சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் என்று 'ஃப்ளாக்சசின்' என முடிகிற இந்தக் குடும்பத்து மருந்துகள் சிலருக்குத் தசைநாணைப் பாதிக்கும். அதிகம் அடிபடுவது இந்தக் குதிகால் நாண்தான். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008லேயே இதைக் கட்டம் கட்டிய எச்சரிக்கையாக மருந்தோடு சேர்க்கச் சொல்லிவிட்டது. "உங்க வலிக்கு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது சார். ஆனா அடுத்த தடவை டாக்டர்கிட்ட, நான் ஓடுறவன், குதிகால் பிரச்சினை இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க" என்றார். அந்த மருந்து சில தொற்றுகளுக்கு அவசியமானது. யாரும் இதைப் படித்துவிட்டுத் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கட்சிகள் உருவாகின. மனைவி தலைமையில் ஒன்று. "போதும்ங்க. ஓடினது வரைக்கும் லாபம். இனிமே பார்க்கில நாலு சுத்து நடந்தா போதாதா?" பெங்களூரிலிருந்து போனில் மகனும் அதையே சொன்னான். இன்னொரு கட்சி ஓட்ட நண்பர்கள். "சூடேறினா போயிடுதுல்ல சார்? அப்புறம் என்ன, ஓடுங்க. ஓட ஓடச் சரியாயிடும்."

மனைவியின் பயத்துக்குக் காரணம் உண்டு. அவளுடைய அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர். அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவேயில்லை. அதை அருகிலிருந்து பார்த்தவள் அவள். என் பயம் வேறு மாதிரி. என்னோடு வேலை பார்த்த மூத்த நண்பர் ஒருவருக்கு 63 வயதில் முழங்கால் வலி வந்தது. ஓய்வு எடுங்கள் என்றார்கள். எடுத்தார். மாதக்கணக்கில் எடுத்தார். தொடை மெலிந்தது, முழங்கால் இன்னும் வலித்தது, வலித்ததால் இன்னும் ஓய்வு. இரண்டு வருடத்தில் லிஃப்ட் இல்லாத வீட்டைக் காலி செய்துவிட்டுத் தரைத்தளத்துக்குக் குடிபோனார். இப்போது கோயிலுக்குப் போவதற்குக்கூட யாராவது கூட வர வேண்டும். எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

ஆக, விட்டுவிட்டாலும் ஆபத்து, விடாமல் ஓடினாலும் ஆபத்து. மூன்றாவது வழியைக் காட்டியவர் பிசியோதெரபிஸ்ட். என் மகள் வயதுப் பெண். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அங்கிள், தசைக்கு ரத்த ஓட்டம் ஜாஸ்தி, சீக்கிரம் தேறிடும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் கம்மி. குதிகாலுக்கு மேல ரெண்டு செண்டிமீட்டர்லேருந்து ஆறு செண்டிமீட்டர் வரைக்கும் ரொம்பவே கம்மி. உங்களுக்கு வலிக்கிறதும் அங்கதான். அது தேற மாசக்கணக்காகும். ஆனா சும்மா வெச்சிருந்தா தேறாது. பாரம் கொடுத்தாத்தான் அது தன்னைத் திரும்பக் கட்டிக்கும். கொஞ்சமா கொடுத்து, பார்த்துப் பார்த்து ஏத்தணும்."

ஓடும்போது இந்த நாண் தாங்குகிற இழுவிசை உடல் எடையைப்போல ஆறு மடங்குக்கும் மேல் என்றார். என் எடை 68 கிலோ. கணக்குப் போட்டேன், 400 கிலோவுக்கு மேல் வருகிறது. எட்டு சிமெண்ட் மூட்டை! ஒவ்வொரு அடிக்கும்! இத்தனை நாள் அது புகார் சொல்லாமல் சுமந்ததே பெரிய விஷயம் என்று தோன்றியது.

அவர் கொடுத்த பயிற்சிக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. ஸ்வீடனில் ஹாக்கன் ஆல்ஃபிரெட்சன் என்றொரு எலும்பு மருத்துவர். அவருக்கே குதிகால் நாண் வலி. அறுவை சிகிச்சை செய்துகொள்ள ஆசைப்பட்டார். அவருடைய மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் அறுந்தால் அறுவை சிகிச்சை செய்துதானே ஆக வேண்டும் என்று, அதை அறுத்தே விடுவதற்காக வலியோடு கனமான குதிகால் பயிற்சிகளைச் செய்தாராம். நாண் அறுவதற்குப் பதிலாக வலி போய்விட்டது! பிறகு நீண்ட நாள் வலியோடு இருந்த 15 பொழுதுபோக்கு விளையாட்டாளர்களை 12 வாரம் அதே பயிற்சியைச் செய்ய வைத்து, 1998இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அத்தனை சுலபமாக நடந்துவிடவில்லை. வாரம் மூன்று நாள், கனமான எடையோடு மெதுவாகச் செய்தாலும் ஏறக்குறைய அதே பலன் என்றும் கண்டார்கள். ஆனால் அடிப்படை மாறவில்லை. மருந்து என்பது பாரம்தான்.

பயிற்சி இதுதான். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நிற்க வேண்டும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு காலாலும் எம்பி நின்று, பாரத்தை வலிக்கிற காலுக்கு மாற்றி, குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். மேலே வருவதற்கு நல்ல காலின் உதவி. முழங்காலை நேராக வைத்து 15 தடவை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும். எனக்கு வலி நாணின் நடுப்பகுதியில். வலி எலும்போடு ஒட்டுகிற இடத்தில் இருப்பவர்கள் படிக்குக் கீழே இறக்கக் கூடாது, தரைமட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பிசியோ சொன்னார். இதை அவரவர் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளைக்கு 180. 12 வாரத்துக்கு 15,120. கருவூலக்காரனுக்கு எண் என்றால் உற்சாகம். ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். முதல் வாரத்தில் என் எடையே போதும் என்றிருந்தது. நாலாவது வாரத்தில் முதுகுப்பை மாட்டி, அதில் மளிகைச் சாமான்களைப் போட்டு ஏறினேன். மூன்று கிலோ துவரம்பருப்பில் ஆரம்பித்து, பத்து கிலோ பொன்னி அரிசி வரைக்கும் வந்தது. கீழ்வீட்டுப் பையன், "தாத்தா, ரேஷன் கடைக்குப் போறீங்களா, வர்றீங்களா?" என்றான்.

வீட்டில் பெரிய சண்டை இதனால் வரவில்லை, செருப்பால் வந்தது. கொஞ்ச நாளைக்கு வெறுங்காலோடு வீட்டில் நடக்க வேண்டாம், குதிகால் சற்றே உயர்ந்த மெத்துச் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள் என்று பிசியோ சொல்லியிருந்தார். "செருப்பு வீட்டுக்குள்ளயா?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. கடைசியில் ஒரு புதுச் செருப்பு, அது வாசலைத் தாண்டாது, பூஜை அறைப் பக்கமும் போகாது என்று உடன்பாடு ஏற்பட்டது. குத்தவைத்து உட்காருவதற்கும் சில வாரம் தடை. பூக்கட்ட நார் எடுத்துக்கொடுக்கும் என் வேலை அத்தோடு போயிற்று.

இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் வருகிற சந்தேகம்: வலித்தால் நிறுத்த வேண்டுமா? அதற்கும் ஸ்வீடனிலிருந்தே ஒரு பதில் உண்டு. காரின் சில்பெர்நாகல் என்ற பிசியோதெரபி ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வு. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்ணால் சொல்லச் சொல்வார்கள். செய்யும்போது ஐந்து வரை போகலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகக் கூடாது. இந்த வரம்புக்குள் ஓடியும் குதித்தும் வந்தவர்களும், ஆரம்பத்தில் ஆறு வாரம் அவற்றை நிறுத்தி வைத்தவர்களும் ஒரே மாதிரி தேறினார்கள். எனக்கு வயதைக் கருதி ஐந்துக்குப் பதிலாக மூன்று என்று வரம்பு வைத்தார் எங்கள் பிசியோ.

நான் இந்த முழுக் கதையிலும் கற்ற ஒரே பாடம் இந்த 'மறுநாள் காலை'தான். தசைநாண் உடனுக்குடன் பதில் சொல்லாது. ஓடும்போது சூடேறி, சாது மாதிரி இருக்கும். மறுநாள் முதல் அடியில்தான் நேற்றைய கணக்கை நீட்டும். என் கட்டிலிலிருந்து சமையலறை வரை 22 அடி. எத்தனையாவது அடியில் நொண்டல் மறைகிறது என்று தினமும் எண்ணி, நோட்டில் குறித்தேன். மே மாதம் 22 அடியும் நொண்டல். ஜூன் கடைசியில் 12. ஜூலையில் 5. ஒவ்வொரு நாளாகப் பார்த்தால் ஏறி இறங்கும், மனம் தளரும். வாரத்தை வாரத்தோடு ஒப்பிட்டால் படிப்படியாக இறங்குவது தெரியும்.

ஜூலை நடுவில் வலி ஏறக்குறைய போய்விட்டது. கால் பரபரத்தது. பிசியோவிடம் போய், "ஓடலாமா?" என்றேன். "வலி போறது வேற, பலம் வர்றது வேற அங்கிள். வலிதான் முதல்ல போகும். நம்மள ஏமாத்துறதே அதுதான்" என்று சொல்லிவிட்டு ஒரு சோதனை வைத்தார். ஒற்றைக்காலில் நின்று, முழங்கால் மடங்காமல், குதிகாலை முழு உயரத்துக்கு எம்ப வேண்டும். வலது காலில் 22 வந்தது. இடது காலில் 9. பத்தாவதில் கால் நடுங்கியது. அந்த ஒன்பதைப் பார்த்த பிறகு எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டு சிமெண்ட் மூட்டை ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து அரிசிப் பையை மாட்டிக்கொண்டேன்.

ஓட ஆரம்பிக்க அவர் வைத்த நிபந்தனைகள் மூன்று. வேகமாக 30 நிமிடம் நடந்தால் அன்றும் மறுநாளும் வலி இருக்கக் கூடாது. இடது காலின் எம்பல் வலது காலில் பத்துக்கு ஒன்பது பங்காவது வர வேண்டும். ஒற்றைக்காலில் மெதுவாகப் பத்துத் தடவை துள்ள முடிய வேண்டும். ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் இடது காலில் 20 வந்தது.

மனைவி தனியாக மூன்று நிபந்தனை வைத்தாள். ஓடும் முன் இருதய மருத்துவரிடம் காட்ட வேண்டும். போன் சட்டைப்பையில் இருக்க வேண்டும், அதில் அவள் எண்ணும் என் ரத்த வகையும் எழுதிய சீட்டு. தனியாகப் போகக் கூடாது. மூன்றையும் ஒப்புக்கொண்டேன். மாதக்கணக்கில் நின்றிருந்த 60 வயதுக்காரன் ஓட ஆரம்பிக்கும்போது காலை மட்டும் கேட்டால் போதாது, நெஞ்சையும் கேட்க வேண்டும் என்றார் இருதய மருத்துவர். ஈசிஜியும் டிரெட்மில் சோதனையும் முடிந்து அனுமதி கிடைத்தது.

முதல் நாள் ஓடியது மொத்தம் நான்கு நிமிடம். சிரிக்காதீர்கள். ஐந்து நிமிட நடை. பிறகு ஒரு நிமிட ஓட்டம், நான்கு நிமிட நடை என்று நான்கு தடவை. கடைசியில் ஐந்து நிமிட நடை. மொத்தம் அரை மணி நேரம். கடற்கரைச் சாலையில் கைவீசி நடந்துபோன ஒரு மாமி என்னை இரண்டு தடவை முந்தினார். இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். பழைய ஓட்ட நண்பர்கள் கையசைத்துவிட்டுக் கடந்து போனார்கள். காலை அடக்கி வைப்பது சுலபமாக இருந்தது. மனதை அடக்குவதுதான் கஷ்டம்.

நடையும் ஓட்டமும் கலப்பது கேவலமில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே என்ற அமெரிக்கர் 1970களிலிருந்து இதையே ஒரு முறையாக வளர்த்துச் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் கற்றவர்கள் மாரத்தானையே இப்படி நடந்தும் ஓடியும் முடிக்கிறார்கள்.

இன்னொரு விதி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓடியதும் தசைநாணின் நார்கள் பழுதாவதும் புதிதாக உற்பத்தியாவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரை பழுதின் பங்குதான் அதிகம். அதன் பிறகே வரவு செலவை மிஞ்சுகிறது. தினமும் ஓடினால் வரவு வைக்கும் முன்பே அடுத்த செலவு. இது கருவூலக்காரனுக்கு நன்றாகவே புரிகிற கணக்கு.

ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு ஓட்டம். நான்கில் மூன்று காலைகளாவது நோட்டில் இரண்டுக்கு மேல் வலி இல்லாவிட்டால் அடுத்த படி: இரண்டு நிமிட ஓட்டம், மூன்று நிமிட நடை. அதற்கடுத்து மூன்றுக்கு இரண்டு. பிறகு நான்குக்கு ஒன்று. முதலில் கூட்டுவது நேரத்தை, தூரம் பிறகு, வேகம் எல்லாவற்றுக்கும் கடைசி.

செப்டம்பரில் ஒரு சறுக்கல். கும்பகோணத்தில் தங்கை மகள் கல்யாணம். மூன்று நாளும் ஓட்டம் இல்லை. ஆனால் மண்டபத்தின் கல்தரையில் வெறுங்காலோடு காலையிலிருந்து இரவு வரை நின்றேன், பந்தி விசாரித்தேன், மாடி ஏறி இறங்கினேன். திரும்பி வந்த மறுநாள் 22 அடியும் நொண்டல். வலி ஐந்து. எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். பிசியோ நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "காலுக்கு நீங்க ஓடினீங்களா, கல்யாணத்துல நின்னீங்களான்னு தெரியாது அங்கிள். அதுக்கு எல்லாம் பாரம்தான். ஒரு படி கீழ போங்க, முதல் படிக்கு வேண்டாம்." ஐந்து நாள் ஓடாமல் மாடிப்படிப் பயிற்சியை மட்டும் செய்தேன். பிறகு ஒரு படி கீழே இறங்கி ஓட்டத்துக்குத் திரும்பினேன். இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்தாயிற்று. நமக்கெல்லாம் பேரப் பிள்ளைகளைத் தூக்குவது, மளிகைப் பை சுமப்பது, கோயில் பிரகாரம் சுற்றுவது எல்லாமே கணக்கில் சேரும். அன்றைக்கு ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்ட இன்னும் சில விஷயங்கள். கடற்கரை மணல் மெத்தென்று இருப்பதால் நல்லது என்று பலர் நினைக்கிறோம். குதிகால் மணலில் புதைந்து நாண் கூடுதலாக இழுபடும். தேறுகிற காலத்தில் மணலும் வேண்டாம், மேம்பால ஏற்றமும் வேண்டாம், சமதளச் சாலையே உத்தமம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது, ஆடிட்டர் வரும் நாளில் பேரேட்டை ஒளித்து வைப்பதற்குச் சமம். போதாததற்கு அந்த வகை மாத்திரைகள் நம் வயதில் சிறுநீரகத்தையும் ரத்த அழுத்தத்தையும் கெடுக்கக்கூடியவை. ஐஸ் ஒத்தடம் வலியைக் குறைக்கும், ஆனால் குணமாக்காது. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978இல் சொன்ன டாக்டர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் எழுதினார்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் இவற்றில் எது வந்தாலும் பயிற்சி, நோட்டு எல்லாவற்றையும் வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல, அல்லது 'டப்' என்ற சத்தத்தோடு குதிகாலில் திடீர் வலி வந்து, விரல் நுனியில் எம்பி நிற்க முடியாமல் போவது. அது நாண் அறுந்ததற்கான அறிகுறி. ஒரு பக்க ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாகி வலிப்பது. அது ரத்தம் உறைவதாகவும் இருக்கலாம். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சு வாங்கல். இவற்றுக்கு 'மறுநாள் காலை பார்க்கலாம்' என்ற விதி பொருந்தாது.

அக்டோபர், நவம்பர் மழையில் ஓட்டம் விட்டுவிட்டுத்தான் நடந்தது. மழை நாட்களில் மாடிப்படி இருக்கவே இருக்கிறது. மார்கழி பிறந்த முதல் வாரத்தில், வாசல்களில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி, நடக்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்தேன். 43 நிமிடம். முன்பு அதே தூரத்துக்கு 34 நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தை இன்னும் திரும்ப வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை.

இன்றைக்கு வாரம் மூன்று நாள் ஓட்டம். மற்ற நாட்களில் இரண்டு நாள் மாடிப்படி. அதை நிறுத்தும் உத்தேசம் இல்லை. வயதாக ஆகத் தசை தானாகவே கரைந்துகொண்டிருக்கிறது, எதிர்த்துக் கட்டிக்கொண்டே இருந்தால்தான் நிலைக்கும். என்னை எண்ணிக் கண்காணிக்கிறேன் என்று படியருகே நின்ற மனைவி, ஜூலையிலேயே தானும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எம்ப ஆரம்பித்துவிட்டாள். ஓட அவள் வருவதாக இல்லை. ஆனால் காய்கறிப் பையோடு இரண்டு மாடி ஏறும்போது முன்புபோல நடுவில் நிற்பதில்லை. அவளுடைய அப்பாவுக்கு இதை யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று ஒரு நாள் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஆகவே நண்பர்களே, அடிபட்டுக் கிடப்பவர்களுக்கு என் வேண்டுகோள். 'இந்த வயதில் இதெல்லாம் எதற்கு' என்று சொல்பவர்களிடமும், 'வலியைப் பார்க்காதே' என்று சொல்பவர்களிடமும் கோபப்படாதீர்கள். நல்ல மருத்துவரிடமும் நல்ல பிசியோவிடமும் காட்டுங்கள். இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். நாளை காலை கட்டிலைவிட்டு இறங்கியதும் முதல் பத்து அடி எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.